யாரும் சாகாத ஒரு கதை

1970ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஓர் அம்மா, தன் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்குத் தான் எழுதிய நாவலின் மூன்று பிரதிகளை அன்பளிப்பாகக் கொடுத்தார். தலைமையாசிரியர் அவற்றை நூலகத்தில் வைக்கவில்லை. கதையில் மாதவிடாய் வருகிறது, அதனால் குழந்தைகளுக்கு ஆகாது என்பது அவர் முடிவு. பத்து, பதினோரு வயதில் மாதவிடாய் வந்துவிடுகிற சிறுமிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு வரலாம். அவர்கள் படிக்கும் புத்தகத்தில் மட்டும் வரக்கூடாது.

அந்த அம்மாவின் பெயர் ஜூடி ப்ளூம். நாவலின் பெயர் 'ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்'. நீளமான தலைப்பு என்பதால் இனி 'மார்கரெட்' என்றே சொல்கிறேன். 1938இல் பிறந்த ப்ளூமின் புத்தகங்கள் இதுவரை எட்டுக் கோடிக்கும் மேல் விற்றிருக்கின்றன. 2004இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை, அமெரிக்க இலக்கியத்துக்கான அவருடைய பங்களிப்புக்காகப் பதக்கம் கொடுத்தது. இன்னொரு பக்கம், பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் நீக்கச் சொல்லிப் புகார் வந்த புத்தகங்களின் பட்டியலை அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்டபோதெல்லாம் அவர் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பதக்கம், புகார் இரண்டுமே ஒரே புத்தகங்களுக்குத்தான்.

அவற்றைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கையிலெடுக்கும் ஒரு சொல் 'நேர்மை'. குழந்தைகளிடம் நேர்மையாக எழுதியவர், மறைக்காமல் சொன்னவர், துணிச்சலானவர். இந்தப் பாராட்டில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இது நேர்மையைக் கருப்பொருளோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறது. மாதவிடாய், காமம், சாவு ஆகியவற்றைத் தொட்டுவிட்டால் நேர்மையான புத்தகம், தொடாவிட்டால் பூசி மெழுகிய புத்தகம். அப்படிப் பார்த்தால் உயிரியல் பாடநூலைவிட நேர்மையான நாவல் எதுவும் கிடையாது.

*

தகவல் அப்போதே இருந்தது. 1946இலேயே டிஸ்னி நிறுவனம் மாதவிடாயை விளக்கும் ஒரு கார்ட்டூன் படத்தை எடுத்துவிட்டது. சானிட்டரி நாப்கின் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்காக எடுத்த படம். பள்ளிகளில் மாணவிகளை மட்டும் தனியாக உட்காரவைத்துத் திரையிட்டார்கள். கருப்பை, முட்டை, சுழற்சி எல்லாம் அதில் உண்டு. ஆக, 'மார்கரெட்' வெளிவருவதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, விஷயம் என்னவென்று அமெரிக்கச் சிறுமிகளிடம் சொல்லத் தொடங்கியாயிற்று. பிறகு எதற்கு இந்த நாவல்?

நாவலே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. மார்கரெட்டின் பள்ளிக்கும் ஒரு நாள் இப்படிப்பட்ட படம் வருகிறது. ஒரு பெண்மணி வந்து பேசுகிறார், படம் ஓடுகிறது, கையில் ஒரு குறுநூலும் கிடைக்கிறது. பார்த்து முடித்த மார்கரெட்டுக்கு அது ஒரு விளம்பரம் என்பது புரிந்துவிடுகிறது. அவளுக்கு வேண்டிய பதில் எதுவும் அந்தப் படத்தில் இல்லை. எனக்கு மட்டும் ஏன் இன்னும் வரவில்லை? தோழிகளுக்கெல்லாம் வந்து எனக்கு வராமலே போனால்? நான் சாதாரணப் பெண்தானா? இவை உயிரியல் கேள்விகளே அல்ல. பதினோரு வயதுக்காரி ராத்திரியில் படுத்துக்கொண்டு தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகள்.

என் பார்வையில் ப்ளூமின் நேர்மை இங்கேதான் தொடங்குகிறது. கதைசொல்லி எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது அது. சிறார் கதைகளில் பெரும்பாலும் குழந்தையின் தோளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருப்பார். குழந்தை தப்பு செய்யும்போது அவர் லேசாகச் சிரிப்பார். கடைசிப் பக்கத்தில் அவளுக்கு என்ன புரியப்போகிறது என்பது அவருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். 'மார்கரெட்' நாவலில் அந்தப் பெரியவர் இல்லை. மார்கரெட் சைமனுக்குத் தெரிந்தது மட்டும்தான் புத்தகத்துக்கும் தெரியும்.

கதை சிக்கலானதல்ல. நியூயார்க் நகரத்திலிருந்து நியூ ஜெர்சியின் புறநகர் ஒன்றுக்குக் குடிவருகிறது ஒரு குடும்பம். அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர். அந்தக் கல்யாணத்தால் அம்மாவை அவர் பெற்றோர் கைகழுவிவிட்டார்கள். மகளை எந்த மதத்திலும் சேர்க்காமல் வளர்க்கிறார்கள், பெரியவளானதும் அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று. ஆனால் மார்கரெட் வீட்டில் யாருக்கும் தெரியாமல் தினமும் கடவுளிடம் பேசுகிறாள். பள்ளியில் ஓராண்டு ப்ராஜெக்ட் என்று ஆசிரியர் சொன்னதும் மதத்தையே எடுத்துக்கொள்கிறாள். பாட்டியுடன் யூதத் தொழுகைக் கூடத்துக்குப் போகிறாள், தோழிகளுடன் தேவாலயங்களுக்குப் போகிறாள். வருஷக் கடைசியில் ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில், தன்னால் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறாள். தேடல் அங்கேயே நின்றுபோகிறது.

இப்போது படிக்கும்போது எனக்கு இதுதான் நாவலின் துணிச்சலான பகுதியாகப் படுகிறது. மாதவிடாய் பற்றி எழுதியதைவிட, ஒரு குழந்தை மதத்தைத் தேடிப்போய் வெறுங்கையுடன் திரும்பலாம், அதனால் அவள் கெட்டுப்போய்விட மாட்டாள் என்று எழுதியது பெரிய விஷயம். புகார் எழுதியவர்களில் பலருக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. மதத்தை நாவல் நடத்தும் விதத்துக்காகவும் புகார்கள் வந்திருக்கின்றன.

இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பில் லாரா டாங்கர் என்று ஒருத்தி. மற்றவர்களுக்கு முன்பே உயரமாக வளர்ந்துவிட்டவள், உடம்பும் வளர்ந்துவிட்டது. அவளையும் பையன்களையும் சேர்த்துவைத்து மார்கரெட்டின் தோழி ஒரு வதந்தி சொல்கிறாள். மார்கரெட் அதை நம்புகிறாள். ஒரு நாள் எரிச்சலில் லாராவின் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லிவிடுகிறாள். லாரா அழுதுகொண்டு போய்விடுகிறாள். அது பொய் என்று பின்னால் தெரிகிறது. சொன்ன சொல்லை மட்டும் திருப்பி வாங்க முடியவில்லை. பாவமன்னிப்புக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தும் மார்கரெட்டால் வாய் திறக்க முடியவில்லை, ஓடி வந்துவிடுகிறாள். வழக்கமான சிறார் நாவலாக இருந்தால் இங்கே ஒரு சமாதானக் காட்சி வந்திருக்கும். ரெண்டு பேரும் கட்டிப்பிடித்து, நல்ல தோழிகளாகி, கைகோத்து நடந்திருப்பார்கள். ப்ளூம் அதை எழுதவில்லை. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி ஊர் பேசும் பேச்சில் நம் கதாநாயகிக்கும் பங்கு இருந்தது. நாவல் அதை அப்படியே விட்டுவிடுகிறது.

*

கருப்பொருள் முக்கியமல்ல என்று நான் சொல்வதற்குச் சரியான ஆதாரம் 1974இல் வந்த 'ப்ளப்பர்'. இதில் காமம் கிடையாது, மாதவிடாய் கிடையாது. ஐந்தாம் வகுப்பு. லிண்டா என்ற குண்டான பெண் திமிங்கிலத்தைப் பற்றி வகுப்பில் பேசுகிறாள். திமிங்கிலத்தின் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புக்கு என்ன பெயரோ, அதுவே அன்று முதல் அவளுடைய பட்டப்பெயராகிவிடுகிறது. வெண்டி என்பவள் தலைமையில் மொத்த வகுப்பும் லிண்டாவை வதைக்கிறது.

கதையைச் சொல்பவள் ஜில். அவள் பாதிக்கப்பட்டவள் அல்ல. தள்ளி நின்று வருத்தப்படும் நல்ல பெண்ணும் அல்ல. வதைப்பவர்களில் ஒருத்தி. அவளுக்கு அது ஜாலியாக இருக்கிறது. வாசிக்கிற குழந்தை லிண்டாவின் இடத்தில் உட்காரவில்லை, வதைக்கிற பெஞ்சில் உட்கார்கிறது. பக்கங்களைப் புரட்டும்போது அதற்கும் சிரிப்பு வரும், பிறகுதான் கூச்சம் வரும். ஒரு கட்டத்தில் ஜில் வெண்டியை எதிர்க்கிறாள், மறுநாளே வகுப்பு அவள் மேல் திரும்புகிறது. அப்போது லிண்டா என்ன செய்கிறாள்? வெண்டியுடன் சேர்ந்துகொள்கிறாள். துன்பப்பட்டவர்கள் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள் என்ற நம் நம்பிக்கையையும் ப்ளூம் விட்டுவைக்கவில்லை. ஆசிரியைக்குக் கடைசிவரை பெரிதாக எதுவும் தெரியவருவதில்லை. யாரும் தண்டிக்கப்படுவதில்லை.

இந்தப் புத்தகத்தின் மீது வந்த முக்கியமான புகாரே அதுதான்: கெட்டது செய்தவர்களுக்குத் தண்டனை இல்லை. யோசித்துப்பாருங்கள், புகார் சொல்பவர்கள் எதைக் கேட்கிறார்கள்? வகுப்பறையில் வெண்டிகள் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். கடைசி அத்தியாயத்தில் வெண்டியை ஒருவர் பிடித்துத் தண்டிக்க வேண்டும், அதாவது பெரியவர்கள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். நிஜமான பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அனுபவிப்பது இதற்கு நேர்மாறானது. நேர்மையான கதை பெரியவர்களைச் சங்கடப்படுத்துவது இந்த இடத்தில்தான். நீங்கள் எங்களைப் பார்க்கவில்லை என்று அது சொல்லிவிடுகிறது.

*

அடுத்த ஆண்டு, 1975இல், 'ஃபாரெவர்' வந்தது. ப்ளூமின் மகள் ராண்டி அப்போது பதின்பருவத்தில் இருந்தாள். அவள் படித்த நாவல்களில் ஒரு பெண் ஒரு பையனுடன் உறவுகொண்டால் முடிவு ஒன்றுதான். கர்ப்பம், கருக்கலைப்பு, சில சமயம் சாவு. நல்ல பிள்ளைகள் இரண்டு பேர் காதலித்து உறவுகொண்டு, கடைசியில் யாரும் சாகாத ஒரு கதை எழுதக்கூடாதா என்று அம்மாவிடம் கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து வந்த நாவல்தான் இது.

அந்த மகள் எழுப்பியது ஒரு விமர்சகரின் கேள்வி. கதைகளில் சாவு என்பது விபத்து அல்ல, தீர்ப்பு என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஒருத்தியின் கதையில் கடைசிப் பக்கம் எப்படி முடிகிறது என்பதை வைத்து அவள் செய்தது சரியா தப்பா என்று வாசகருக்குச் சொல்லிவிடலாம், வாயைத் திறந்து ஓர் அறிவுரைகூடச் சொல்ல வேண்டியதில்லை. நம் சினிமாவில் 'கெட்டுப்போன' பெண் க்ளைமாக்ஸில் குண்டடிபட்டு நாயகனின் மடியில் சாவது எதற்காக என்று யோசித்தவர்களுக்கு இது புதிதல்ல.

'ஃபாரெவர்' நாவலில் கேத்தரீனும் மைக்கேலும் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள். காதலிக்கிறார்கள். பாட்டி குடும்பக் கட்டுப்பாடு பற்றிய துண்டறிக்கைகளைத் தபாலில் அனுப்பிவைக்கிறார். கேத்தரீன் மருத்துவமனைக்குப் போய்க் கருத்தடை மாத்திரை வாங்குகிறாள். கோடை விடுமுறையில் வேறோர் ஊரில் வேலைக்குப் போன இடத்தில் இன்னொருவன் மேல் ஈர்ப்பு வருகிறது. எப்போதைக்கும் என்று நினைத்த காதல் சில மாதங்களில் முடிகிறது. அவ்வளவுதான். தலைப்பே ஒரு மெல்லிய கேலி.

கலையாகப் பார்த்தால் இது ப்ளூமின் சிறந்த நாவல் அல்ல என்று நினைக்கிறேன். மொழி தட்டையானது. சில இடங்களில் சுகாதாரத் துறையின் குறுநூல் எட்டிப்பார்க்கிறது. மைக்கேல் ஒரு முழு மனிதனாக உருவாகவே இல்லை. ஆனால் இந்தப் புத்தகம்தான் மூலை மடித்த பக்கங்களுடன் ஒரு தலைமுறையின் கைகளில் சுற்றியது. உறவுக் காட்சிக்காக மட்டும் சுற்றியிருந்தால் ஐம்பது ஆண்டுகள் தாங்கியிருக்காது, அதற்கு வேறு சரக்கு எப்போதும் கிடைக்கும். காதல் முடியலாம், முடிந்தால் நீ அழிந்துவிட மாட்டாய் என்று ஒரு பதினேழு வயதுக்காரிக்குச் சொன்ன புத்தகங்கள் அப்போது மிகக் குறைவு. 2025இல் மாரா ப்ராக் அகில் இதை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கறுப்பின இளைஞர்கள் இருவரின் கதையாக மாற்றி நெட்ஃப்ளிக்ஸ் தொடராக எடுத்தார். கதையின் எலும்புக்கூடு அப்படியே நின்றது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2024 ஆகஸ்டில், யூட்டா மாநிலம் தன் அரசுப் பள்ளிகள் அனைத்திலிருந்தும் நீக்கச் சொல்லி 13 புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் 'ஃபாரெவர்' உண்டு. வெளிவந்து 49 ஆண்டுகள் ஆன புத்தகம்!

*

ஒரு புத்தகத்தின் பண்பாட்டுத் தாக்கத்தை எதை வைத்து அளப்பது? விற்பனை ஓர் அளவு, தடை ஓர் அளவு. இரண்டையும்விட நம்பத்தகுந்த ஒன்று ப்ளூம் விஷயத்தில் இருக்கிறது. அவருக்கு வந்த கடிதங்கள்.

ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவருக்கு எழுதினார்கள். முதலில் புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி, பிறகு தங்களைப் பற்றி. அப்பாவும் அம்மாவும் பிரியப்போவதை, வகுப்பில் படும் அவமானத்தை, வீட்டுக்குள்ளேயே ஒருவர் தங்களுக்குச் செய்யும் பாலியல் கொடுமையை, செத்துவிடலாமா என்று தோன்றுவதை. முன்பின் பார்த்தேயிராத ஓர் எழுத்தாளருக்கு. 1986இல் அந்தக் கடிதங்களிலிருந்து தொகுத்து 'லெட்டர்ஸ் டு ஜூடி' என்ற நூலைக் கொண்டுவந்தார், பெற்றோர் படிப்பதற்காக. கடிதங்கள் இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில், அவருடைய மற்ற ஆவணங்களோடு இருக்கின்றன. சில குழந்தைகளுடன் பல பத்தாண்டுகள் அவர் தொடர்பில் இருந்ததை 2023இல் வந்த 'ஜூடி ப்ளூம் ஃபாரெவர்' ஆவணப்படத்தில் பார்க்கலாம்.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாமென்றால், இவை ஒரு சமூகத்தின் பக் ரிப்போர்ட்டுகள். வீடு, பள்ளி, தேவாலயம் என்று புகார் கொடுக்கவேண்டிய கவுண்டர்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன, ஆனால் அங்கே கொடுத்தால் யாரும் பார்க்கப்போவதில்லை என்று குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கதை தன்னிடம் பொய் சொல்லவில்லை என்று நம்பிய பிறகுதான் அதை எழுதியவரிடம் உண்மையைச் சொல்ல அவர்கள் துணிந்தார்கள். நேர்மையான சிறார் இலக்கியம் குழந்தைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது என்றே எப்போதும் பேசுகிறோம். அது குழந்தைகளைப் பேசவைத்தது என்பது இன்னும் பெரிய விளைவு.

இதற்கு நடுவில் ஓர் இழப்பும் உண்டு. 1981இல் வந்த 'டைகர் ஐஸ்' ப்ளூமின் நாவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது. டேவி என்ற பெண்ணின் அப்பா தன் கடையில் கொள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்படுகிறார். குடும்பம் அணுகுண்டு பிறந்த லாஸ் அலமாஸ் நகரத்தில் உறவினர் வீட்டுக்குப் போகிறது. கையெழுத்துப் பிரதியில் டேவி சுய இன்பத்தில் ஈடுபடுவதைச் சொல்லும் ஒரு சிறு பகுதி இருந்தது. புகார்கள் பெருகிய காலம் அது. அதை எடுத்துவிட்டால் புத்தகம் இன்னும் நிறையப் பேரிடம் போய்ச் சேரும் என்று, ப்ளூமை எப்போதும் ஆதரித்துவந்த பதிப்பாசிரியர் ரிச்சர்ட் ஜாக்ஸன் சொன்னார். ப்ளூம் எடுத்துவிட்டார். பின்னால் அதற்காக வருந்தி எழுதவும் செய்தார்.

இப்போது அந்த நாவலில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். துப்பாக்கிச் சூடு இருக்கிறது, ரத்தம் தோய்ந்த உடை இருக்கிறது, ஆயுத ஆய்வுக்கூடத்தில் வேலைபார்க்கும் உறவினர் இருக்கிறார். ஒரு பெண் தன் படுக்கையில் தனியாக இருக்கும் சில வரிகள் மட்டும் இல்லை. குழந்தைகளுக்கு எது ஆகாது என்பதில் ஒரு சமூகத்தின் தராசு எப்படி இருந்தது என்பதை அந்த வெட்டு துல்லியமாகக் காட்டுகிறது. தடை என்பது நூலகத்தில் புத்தகத்தை எடுப்பதோடு முடிவதில்லை. அது எழுதுகிறவரின் மேசைவரை வந்துவிடுகிறது.

*

ப்ளூமைக் கொண்டாடும்போது விடுபடும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 'மார்கரெட்' வெளியான அதே 1970இல்தான் டோனி மாரிசனின் முதல் நாவல் 'தி ப்ளூயெஸ்ட் ஐ' வந்தது. அதிலும் ஒரு பதினோரு வயதுச் சிறுமி, பெக்கோலா. அதிலும் முதல் மாதவிடாய். அப்பா வீட்டைக் கொளுத்திவிட்டதால் வேறொருவர் வீட்டில் தங்கியிருக்கும் பெக்கோலாவுக்கு, என்ன நடக்கிறதென்றே தெரியாமல் ரத்தம் வருகிறது. தான் சாகப்போகிறோமா என்று பயப்படுகிறாள். கூட இருக்கும் சிறுமிகளில் ஒருத்திக்குக் கொஞ்சம் தெரியும், இனி உனக்குக் குழந்தை பிறக்க முடியும் என்கிறாள். அன்றிரவு பெக்கோலா யோசிப்பது, அதற்கு யாராவது நம்மை நேசிக்க வேண்டுமே, அதை எப்படிச் செய்வது என்று. அந்தக் கேள்விக்கு நாவலின் மீதிப் பக்கங்கள் தரும் பதில் பயங்கரமானது.

மார்கரெட்டும் பெக்கோலாவும் அச்சில் ஒரே வயதுக்காரிகள். மார்கரெட்டின் கவலை, வரவில்லையே என்பது. வந்தால் வரவேற்க அம்மா இருக்கிறார், வாங்கிவைத்த நாப்கின் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறது. அவளுடைய அந்தரங்கக் கவலைக்கு இடம் கிடைத்ததே, மற்ற கவலைகளிலிருந்து அவளை ஒரு புறநகர் வீடு காப்பாற்றியதால்தான். ப்ளூமின் உலகம் பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் உலகம். அவருடைய நேர்மை அந்தச் சுவர்களுக்குள் முழுமையானது. ஒரு குழந்தையின் ஒரு வருடத்தை அவர் உண்மையாகச் சொன்னார், எல்லாக் குழந்தைகளின் வருடத்தையும் அல்ல. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்தக் கதையும் அதன் வீட்டு எண்ணோடுதான் நேர்மையாக இருக்க முடியும். ஆனால் ஒரு பெட்டி நிறைய ப்ளூம் மட்டும் கிடைத்தால் பெக்கோலாவின் வயதில் இருக்கும் ஒருத்திக்குப் போதாது. மாரிசன் அந்த நாவலைப் பெரியவர்களுக்காக எழுதினார். பெக்கோலாக்களின் கையில் கொடுக்கும்படியான கதைகள் தனியாக வரவேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு நாவல்களுக்கும் ஒரே கதி. இரண்டின் மேலும் இன்றுவரை புகார் வருகிறது.

*

இதைத் தமிழில் எழுதிக்கொண்டு நம் அலமாரியைப் பார்க்காமல் இருக்க முடியாது. நமக்கு இரண்டு தட்டுகள் இருந்தன. கீழ்த் தட்டில் அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர், காமிக்ஸ். வேதாளம், நரி, மந்திரவாதி, துப்பறியும் சிறுவர்கள். அவற்றின் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை, வாசிக்கவைத்ததே அவைதான். மேல் தட்டில் குழந்தைகளைப் பற்றிய உண்மைகள். ஆடு மேய்க்கும் தலித் சிறுவர்களைப் பற்றி பெருமாள்முருகனின் 'கூளமாதாரி', வயதுக்கு வரப்போகும் ஒரு சிறுமியின் கண்களால் வீட்டுப் பெண்களைக் காட்டும் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. குழந்தைகளைப் பற்றியவைதான், ஆனால் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை.

இரண்டு தட்டுகளுக்கும் இடையில் பரவலாகக் கைமாறிய ஒரு கதை உண்டென்றால் அது இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்பதால் அடிவாங்கும் மாணவி, அடி வலிக்காமலிருக்க மரத்துப்போகும் மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்துச் செத்துப்போகிறாள். சிறு வெளியீடாக ஆசிரியர்கள் மத்தியில் வெகுதூரம் போன கதை. பள்ளியில் அடிப்பதைப் பற்றித் தமிழில் பேசியவர்கள் இந்தக் கதையைத் தொடாமல் போவது அபூர்வம். அதன் தாக்கம் உண்மையானது. ஆனால் யார் சொல்கிறார் என்று பாருங்கள், ஓர் ஆசிரியை. குற்ற உணர்வு அவருடையது, திருந்துவதும் அவர்தான். அவரைத் திருத்த ஆயிஷா சாக வேண்டியிருந்தது. இது பெரியவர்களிடம் நேர்மையாகப் பேசும் கதை. அடிவாங்கிக்கொண்டும் உயிரோடு இருக்கிற ஆயிஷாக்கள், அடுத்த பீரியடுக்கு என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள அதில் எதைத் தேடுவார்கள்?

மாதவிடாய் விஷயத்தில் நம் நிலைமை அமெரிக்காவைவிட விசித்திரமானது. அங்கே மறைத்தார்கள். இங்கே பல ஊர்களில் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பத்திரிகை அடிக்கிறோம், ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், மண்டபம் பிடித்து மொய் எழுதுகிறோம். ஊருக்கே தெரியும். நடுவில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் மட்டும், என்ன நடந்தது, பயமா இருக்கா, வலிக்குதா என்று கேட்க ஆளிருக்காது. அவள் மனசுக்குள் அன்றைக்கு என்ன ஓடியது என்று அவள் வயதுக்காரிகள் படிக்கும்படி அவள் குரலிலேயே சொல்லும் ஒரு நாவல் நமக்கு எவ்வளவு தேவை! விழா இருக்கும் இடத்தில் கதை இல்லாமலிருப்பது, மறைப்பதைவிட மோசமான மௌனம்.

மாற்றம் இல்லாமல் இல்லை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிக் குழந்தைகளிடமே பேசியது. 2020க்கான பால சாகித்திய புரஸ்கார் அதற்குக் கிடைத்தது. நல்ல தொடக்கம், தைரியமான புத்தகம். அதில் ரகசியத்தைச் சொல்ல ஒரு மரப்பாச்சிப் பொம்மை உயிர்பெற்று வர வேண்டியிருக்கிறது என்பதையும் கவனிக்கிறேன். பொம்மையின் துணை நல்லதுதான், அது பயத்தைக் குறைக்கிறது. அடுத்த கட்டமாக, பொம்மை இல்லாமல், எல்லாம் தெரிந்த அக்கா இல்லாமல், நல்ல டீச்சர் வந்து காப்பாற்றாமல், ஒரு பதினோரு வயதுக் குரல் தனியாகப் பேசட்டும். தனக்குத் தெரியாததோடு பேசட்டும். ஒரு வதந்தியைப் பரப்பிவிட்டு அதைச் சரிசெய்யத் தெரியாமல் நிற்கட்டும்.

அப்படி எழுதினால் புகார் வரும். 2023இல், 'மார்கரெட்' படமாகித் திரைக்கு வந்த அதே ஆண்டில், ஃப்ளோரிடாவில் பாலியல் கல்வியை ஆறாம் வகுப்புக்குக் கீழே தடுக்கும் சட்டம் விவாதத்துக்கு வந்தது. சின்ன வகுப்புச் சிறுமிகள் தங்கள் மாதவிடாயைப் பற்றிப் பள்ளியில் பேசுவதும் இதில் தடைபடுமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். முன்மொழிந்தவர் ஆமாம் என்றார். சட்டம் நிறைவேறியது. 1970இன் தலைமையாசிரியர் எங்கும் போய்விடவில்லை.

அதனால் நேர்மையான புத்தகம் உலகத்தை மாற்றிவிடும் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஐம்பது ஆண்டுகளில் அது சட்டமன்றத்தை மாற்றவில்லை. அது மாற்றியது அந்தச் சட்டமன்றத்துக்குத் தெரியாமல் நடந்த ஒன்றை. ஒரு பெண் படித்தாள், மூலையை மடித்தாள், பக்கத்துப் பெஞ்சுக்குக் கொடுத்தாள். வாங்கியவளுக்கு, இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று தெரிந்தது. நம் பக்கத்துப் பெஞ்சுக்குக் கொடுக்க இன்னும் நாலைந்து புத்தகங்கள் வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் எழுதுகிறவர்களும் இருப்பீர்கள். எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் யாரையும் சாகடிக்காதீர்கள்.